எம்மி நோய்தர்

எம்மி நோய்தர் (மார்ச் 23, 1882 – ஏப்ரல் 14, 1935) ஜெர்மனி நாட்டுக் கணிதவியலர். இவரது முழுப்பெயர் அமாலி எம்மி நோய்தர். தற்கால இயற்கணிதத்தை உருவாக்கியவர்களுள் முதன்மையானவர். இயற்பியலில் சமச்சீருக்கும் அழியா விதிகளுக்கும் உள்ள தொடர்பைக் காட்டும் நோய்தர் தேற்றம் இவருடையது. தம் வாழ்நாளின் சிறந்த 18 ஆண்டுகளை (1915–1933) கோட்டிங்கன் என்னும் பல்கலைக்கழக நகரில் கழித்தார். அந்நகரைக் கணித உலகின் நடுவிடமாக ஆக்கியவர்களில் இவரும் ஒருவர். ஆயினும் அங்குள்ள பல்கலைக்கழகத்தில் இவருக்கு முழுப் பேராசிரியர் பதவி இறுதிவரை கிட்டவில்லை.

பிறப்பும் இளமையும்

எம்மி நோய்தர் பவேரியாவில் உள்ள எர்லாங்கன் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். எர்லாங்கனும் ஒரு பல்கலைக்கழக நகரமே. தந்தை மாக்ஸ் நோய்தர் அங்கு கணிதப் பேராசிரியர். இயற்கணித வடிவியலில் பெயர் பெற்றவர். தாய் இடா அமாலியா கொலோன் நகரத்து வணிகக் குடும்பத்தைச் சேர்ந்தவர். நான்கு பிள்ளைகளில் எம்மியே மூத்தவர். தம்பியர் மூவரில் பிரிட்ஸ் நோய்தர் பிற்காலத்தில் கணிதவியலர் ஆனார்.

அக்காலத்து நடுத்தரக் குடும்பப் பெண்களைப் போலவே எம்மியும் மொழிகள், இசை, வீட்டு வேலை ஆகியவற்றைக் கற்று வளர்ந்தார். நடனத்தில் விருப்பம் மிகுந்தவர். கணித மேதைகள் பலரைப் பற்றிச் சொல்லப்படும் குழந்தைப்பருவ அற்புதங்கள் எவையும் இவர் வாழ்வில் காணப்படவில்லை. 1900-இல் பெண்கள் பள்ளிகளில் ஆங்கிலமும் பிரெஞ்சும் கற்பிப்பதற்கான அரசுத் தேர்வை எழுதி உயர்ந்த மதிப்பெண்களுடன் தேறினார். ஆனால் ஆசிரியப் பணிக்குச் செல்லாமல் கணிதம் படிக்க முடிவு செய்தார்.

இம்முடிவு எளிதானதன்று. பெண்களைச் சேர்த்தால் கல்வி ஒழுங்கு முழுவதும் குலைந்துவிடும் என்று எர்லாங்கன் பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழு 1898-இல்தான் அறிவித்திருந்தது. பேராசிரியர் ஒவ்வொருவரிடமும் தனித்தனியே அனுமதி பெற்று, வகுப்பின் ஓரத்தில் அமர்ந்து கேட்க மட்டுமே பெண்களுக்கு இடமிருந்தது. அங்கிருந்த 986 மாணவர்களிடையே பெண்கள் இருவரே. அவ்விருவரில் ஒருவராக எம்மி ஈராண்டுகள் பாடம் கேட்டார். 1903-இல் நியூரம்பர்க்கில் பள்ளி இறுதித் தேர்வை எழுதித் தேறினார். அந்த ஆண்டின் குளிர்காலப் பருவத்தில் கோட்டிங்கன் சென்று ஹில்பர்ட், கிளைன், மின்கோவ்ஸ்கி, சுவார்ஸ்சைல்டு ஆகியோரின் விரிவுரைகளைக் கேட்டார். அங்கும் கேட்பவராகத்தான் இருந்தார்.

1904-இல் எர்லாங்கனில் பெண்கள் முறைப்படி சேரலாம் என்றானதும் ஊர் திரும்பி மாணவியாகப் பதிவு செய்துகொண்டார். பால் கோர்டன் என்னும் பேராசிரியரின் வழிகாட்டுதலில் 1907-இல் மிக உயர்ந்த தகுதியுடன் முனைவர் பட்டத் தேர்வில் தேறினார். கோர்டன் கணக்கிடுவதில் வல்லவர். சொற்கள் அருகி, சூத்திரங்களே பக்கம் பக்கமாக நிரம்பிய கட்டுரைகளை எழுதியவர். மாணவியின் ஆய்வும் அவ்வழியிலேயே அமைந்தது. மூன்று மாறிகள் கொண்ட நாற்படி உருவங்களுக்கான மாறாமைக் கோவைகள் 331-ஐ அவர் அதில் பட்டியலிட்டிருந்தார். கணக்கீட்டைத் தவிர்த்துக் கருத்தை மட்டுமே கொண்டு முன்னேறும் முறைக்குப் பிற்காலத்தில் பெயர் பெற்ற நோய்தர், தமது இந்த முதல் ஆய்வை மிக ஏளனமாகவே நினைவுகூர்ந்தார். கோர்டனுக்குப்பின் எர்லாங்கனுக்கு வந்த எர்ன்ஸ்ட் பிஷருடன் நடத்திய நீண்ட உரையாடல்களே இவரை ஹில்பர்ட்டின் கருத்துவழிக் கணிதத்தின்பால் திருப்பின.

1908 முதல் 1915 வரை எர்லாங்கன் கணித நிறுவனத்தில் பணியாற்றினார். தந்தை நோயுற்றிருந்தபோது அவருக்குப் பதிலாக வகுப்புகளும் எடுத்தார். இந்த ஏழாண்டுகளில் இவர் பெற்ற ஊதியம் ஏதுமில்லை.

கோட்டிங்கன்

கோட்டிங்கன் லைனே ஆற்றங்கரையில் உள்ள சிறு நகரம். இங்கிலாந்தின் மன்னராகவும் ஹனோவரின் ஆட்சியாளராகவும் இருந்த இரண்டாம் ஜார்ஜ் அங்கு நிறுவிய பல்கலைக்கழகம் 1737-இல் திறந்துவைக்கப்பட்டது. அவர் பெயராலேயே அது ஜார்ஜியா அகஸ்டா எனப்படுகிறது. காஸ் 1807 முதல் 1855-இல் இறக்கும்வரை அங்கு வாழ்ந்தார். அவருக்குப்பின் டிரிக்ளேயும், அவரையடுத்து ரீமானும் அவ்விருக்கையில் அமர்ந்தனர். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெலிக்ஸ் கிளைன் பல நாடுகளிலிருந்தும் மாணவர்களை அங்கு ஈர்த்தார். 1895-இல் டேவிட் ஹில்பர்ட்டை வரவழைத்தவரும் அவரே.

பெண்கள் திறத்தில் இப்பல்கலைக்கழகத்தின் வரலாறு சற்று விந்தையானது. 1787-இலேயே டொரொத்தேயா சுலோட்சர் என்னும் பெண்ணுக்கு அங்கு முனைவர் பட்டம் வழங்கப்பட்டது. 1874-இல் ருசியப் பெண்மணி சோபியா கோவலெவ்ஸ்காயா, நேரில் வராமலே, தம் கணித ஆய்வுகளுக்காகப் பட்டம் பெற்றார். 1895-இல் கிளைனின் மாணவியான ஆங்கிலேயப் பெண் கிரேஸ் சிஷோமும் முனைவர் ஆனார். பட்டம் தருவதில் தாராளம் காட்டிய இதே பல்கலைக்கழகம், கற்பிக்கும் உரிமை என்று வந்தபோது கதவை அடைத்தது. ஹனோவர் 1866-இல் பிரசியாவுடன் இணைக்கப்பட்டுவிட்டதால் இறுதி முடிவு பெர்லினில் இருந்த அமைச்சகத்தின் கையில் இருந்தது. பெண்களுக்கு விரிவுரை உரிமை வழங்குவதை அந்த அமைச்சகம் 1908-இல் தடை செய்திருந்தது.

1915-இல் ஹில்பர்ட்டும் கிளைனும் எம்மி நோய்தரைக் கோட்டிங்கனுக்கு அழைத்தனர். ஐன்ஸ்டைனின் பொதுச் சார்புக் கோட்பாடு அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்தது. அதில் எழுந்த சிக்கல்களுக்கு மாறாமைக் கோட்பாட்டில் தேர்ந்த ஒருவரின் துணை அவர்களுக்குத் தேவைப்பட்டது. நோய்தர் அங்கு சென்று இரண்டு வாரங்களில் அவர் தாயார் காலமானார்.

விரிவுரை உரிமைக்கான போராட்டம்

ஜெர்மானியப் பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்டம் மட்டும் இருந்தால் பாடம் நடத்திவிட முடியாது. அதற்கு மேலும் ஓர் ஆய்வைச் சமர்ப்பித்து, ஆசிரியர் குழுவின் முன் உரையாற்றி, விரிவுரை உரிமை பெறவேண்டும். அதன்பிறகும் அரசு ஊதியம் கிடையாது. மாணவர் செலுத்தும் கட்டணமே வருவாய். பேராசிரியர் பதவிக்குச் செல்லும் ஏணியின் முதற்படி அது.

1915-இல் நோய்தர் இவ்வுரிமைக்கு விண்ணப்பித்தார். அக்காலத்தில் கணிதமும் வரலாறும் மொழியியலும் மெய்யியல் புலம் என்ற ஒரே அமைப்பின்கீழ் இருந்தன. கணிதவியலர் பெரும்பாலும் ஆதரித்தனர். வரலாற்று, மொழியியல் பேராசிரியர்கள் கடுமையாக எதிர்த்தனர். இன்று விரிவுரையாளராக வரும் பெண் நாளை பேராசிரியராகி ஆட்சிக்குழுவிலும் அமர்வாளே என்பதும், போர்முனையிலிருந்து திரும்பும் வீரர்கள் ஒரு பெண்ணிடமா பாடம் கேட்பது என்பதும் அவர்களது வாதங்கள். விண்ணப்பிப்பவர் ஆணா பெண்ணா என்பது பல்கலைக்கழகத்திற்குத் தேவையற்ற வினா என்று ஹில்பர்ட் வாதாடினார். எதிர்ப்பாளர் இணங்கவில்லை. அமைச்சகமும் அனுமதி தரவில்லை.

இதற்கு ஹில்பர்ட் கண்ட மாற்றுவழி எளிமையானது. வகுப்புகள் ஹில்பர்ட் பெயரில் அறிவிக்கப்படும். உதவி செய்பவர் என்று நோய்தரின் பெயர் கீழே இருக்கும். பாடம் நடத்துபவர் நோய்தர். நான்கு ஆண்டுகள் இவ்வாறே நடந்தது. இதற்கும் ஊதியமில்லை. குடும்பத்தின் உதவியே இவரைத் தாங்கியது.

1918 நவம்பரில் பேரரசர் பதவி இழந்தார். குடியரசு தோன்றியது, பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது. 1919-இல் மீண்டும் விண்ணப்பித்தபோது தடை எழவில்லை. அவ்வாண்டு ஜூன் 4 அன்று உரையாற்றி விரிவுரை உரிமை பெற்றார். அப்போது இவருக்கு வயது 37.

நோய்தர் தேற்றம்

தம் பெயரில் ஒரு வகுப்புகூட அறிவிக்க இயலாதிருந்த அந்த நான்காண்டுகளில்தான் இயற்பியல் உலகம் இன்றும் போற்றும் தேற்றத்தை நோய்தர் நிறுவினார். மாறாமையுடைய மாறுபாட்டுச் சிக்கல்கள் பற்றிய அக்கட்டுரை 1918 ஜூலையில் கோட்டிங்கன் அறிவியல் கழகத்தில் வாசிக்கப்பட்டது. நோய்தர் அக்கழகத்தின் உறுப்பினர் அல்லர். எனவே அவர் சார்பில் கிளைன் அதை முன்வைத்தார். பின்னாளில் விரிவுரை உரிமைக்கான ஆய்வாகச் சமர்ப்பிக்கப்பட்டதும் இதே கட்டுரைதான்.

சிக்கல் இதுதான். பழைய இயற்பியலில் ஆற்றல் அழியாமை என்பது இயக்கச் சமன்பாடுகளிலிருந்து பெறப்படும் உறுதியான விதி. பொதுச் சார்புக் கோட்பாட்டிலோ அது வேறொரு தன்மையுடையதாய், ஏறக்குறைய வெறும் முற்றொருமை போலத் தோன்றியது. கிளைனும் ஹில்பர்ட்டும் இதனால் குழப்பமுற்றனர். நோய்தர் இக்கேள்வியைச் சார்புக் கோட்பாட்டோடு நிறுத்தாமல் மிகப் பொதுவான நிலைக்குக் கொண்டுசென்றார்.

இவரது முதல் தேற்றத்தை இவ்வாறு விளக்கலாம். ஓர் இயற்பியல் அமைப்பு மாறுபாட்டுத் தத்துவம் ஒன்றினால் விவரிக்கப்படுவதாகக் கொள்வோம். அவ்வமைப்பின் விதிகள் ஏதேனும் தொடர்ச்சியான மாற்றத்தால் பாதிக்கப்படாமல் இருந்தால், அம்மாற்றத்துக்கு இணையாக, அழியாத ஓர் அளவு உண்டு. ஒரு சோதனையை இன்று செய்தாலும் நாளை செய்தாலும் விதி ஒன்றே என்பதிலிருந்து ஆற்றல் அழியாமை கிடைக்கிறது. இங்கு செய்தாலும் பத்தடி தள்ளிச் செய்தாலும் விதி ஒன்றே என்பதிலிருந்து உந்தம் அழியாமை கிடைக்கிறது. எத்திசையில் திருப்பி வைத்தாலும் விதி ஒன்றே என்பதிலிருந்து கோண உந்தம் அழியாமை கிடைக்கிறது. தனித்தனி உண்மைகளாகப் பள்ளியில் கற்ற மூன்று விதிகளும் ஒரே கருத்தின் மூன்று கிளைகள் என்பதை முதன்முறை அறியும் மாணவருக்கு உண்டாகும் வியப்பு பெரிது.

பொதுச் சார்புக் கோட்பாடு போன்றவற்றில் மாற்றங்கள் இடத்துக்கு இடம், நேரத்துக்கு நேரம் வெவ்வேறாக அமையலாம். அத்தகைய நிலைக்கு உரியது இரண்டாவது தேற்றம். கிளைனையும் ஹில்பர்ட்டையும் குழப்பிய வினாவுக்கு விடை இதில் கிடைத்தது. இக்கட்டுரையின் முழு மதிப்பை இயற்பியலர் உணரப் பல ஆண்டுகள் ஆயின. அடிப்படைத் துகள்களின் கோட்பாடுகள் இன்று சமச்சீர்களைக் கொண்டே அமைக்கப்படுகின்றன. நோய்தரோ இதை எழுதி முடித்தபின் இயற்பியலின் பக்கம் பெரும்பாலும் திரும்பவில்லை.

இயற்கணிதத்தில் புதிய வழி

கணிதவியலரைக் கேட்டால் நோய்தரின் பெரும்பணி 1920-க்குப் பின்னர்தான் தொடங்கியது என்பர். 1921-இல் வெளிவந்த, வளையங்களின் சீர்மங்களைப் பற்றிய கட்டுரை இதன் தொடக்கம்.

வளையம் என்பது கூட்டல், கழித்தல், பெருக்கல் ஆகிய செயல்கள் நடைபெறும் ஒரு கணம். முழு எண்களின் கணம் இதற்கு எளிய எடுத்துக்காட்டு. வளையத்தின் ஓர் உட்கணம் கூட்டல், கழித்தலுக்கு அடைவு பெற்றதாகவும், அதன் உறுப்பை வளையத்தின் எந்த உறுப்பால் பெருக்கினாலும் விடை அந்த உட்கணத்திற்குள்ளேயே அமைவதாகவும் இருந்தால் அது சீர்மம் எனப்படும். முழு எண்களில் 12-இன் மடங்குகள் ஒரு சீர்மம். அது 6-இன் மடங்குகளுக்குள் அடங்குகிறது. 6-இன் மடங்குகள் 3-இன் மடங்குகளுக்குள் அடங்குகின்றன. அவை முழு எண்களின் மொத்தக் கணத்துக்குள் அடங்குகின்றன. அதற்கு மேல் போக வழியில்லை. எந்தச் சீர்மத்தில் தொடங்கினாலும் இவ்வாறு விரிந்துகொண்டே செல்லும் ஏறுசங்கிலி ஒரு கட்டத்தில் நின்றுவிடும்.

இந்த ஒரு பண்பை மட்டும் எடுத்துக்கொண்டு, அதிலிருந்து எவ்வளவு தூரம் செல்லலாம் என்று நோய்தர் பார்த்தார். வியப்பூட்டும் தூரம் சென்றார். எண்களுக்கும் பல்லுறுப்புக் கோவைகளுக்கும் தனித்தனியே, நீண்ட கணக்கீடுகளால் நிறுவப்பட்டிருந்த பகுப்புத் தேற்றங்கள் இப்பண்பிலிருந்து சில வரிகளில் கிடைத்தன. ஏறுசங்கிலிப் பண்புடைய வளையங்கள் இன்று நோய்தரிய வளையங்கள் எனப்படுகின்றன.

இதில் புதுமை தேற்றங்களில் மட்டும் இல்லை, பார்வையில் இருந்தது. எண்ணையோ சமன்பாட்டையோ முதலில் பார்க்காமல் அவற்றுக்கு அடியில் உள்ள அமைப்பைப் பார்ப்பது நோய்தரின் வழி. இவ்வழி இயற்கணிதத்தைத் தாண்டியும் சென்றது. இடவியலில் ஒரு வடிவத்தின் தன்மையை அதுவரை சில எண்களால் மட்டுமே குறித்துவந்தனர். அவ்வெண்களுக்குப் பின்னால் குலங்கள் இருப்பதையும், அக்குலங்களையே நேராக ஆராய்வதே முறை என்பதையும் நோய்தர் 1920-களின் நடுவில் சுட்டிக்காட்டினார். பாவெல் அலெக்சாண்ட்ரோவும் ஹைன்ஸ் ஹோப்பும் அக்கருத்தை எடுத்துக்கொண்டனர். நோய்தரைப் பொறுத்தவரை அது போகிற போக்கில் சொன்ன ஒரு குறிப்பே.

ஆசிரியராக

நோய்தரின் விரிவுரைகள் ஒழுங்குபடுத்தப்பட்டவை அல்ல. வேகமாகப் பேசுவார்; ஒரு நிறுவலைத் தொடங்கி, இடையிலே சிறந்த வழி தோன்றினால் அதில் இறங்கிவிடுவார். புதிதாக வந்தவர்கள் திணறினர். நிலைத்து நின்றவர்களோ ஒரு கோட்பாடு தம் கண்முன் உருவாவதைக் கண்டனர். இவர்கள் கோட்டிங்கனில் நோய்தரின் பையன்கள் என்று அழைக்கப்பட்டனர். எனினும் கோட்டிங்கனில் இவரிடம் முதலில் முனைவர் பட்டம் பெற்றவர் கிரேட்டே ஹெர்மன் என்னும் பெண் (1925). மாக்ஸ் டொய்ரிங், எர்ன்ஸ்ட் விட், சீனாவிலிருந்து வந்த சென் ஆகியோரும் இவரிடம் பயின்றவர்கள். விடுமுறை நாளொன்றில் கணித நிறுவனம் பூட்டியிருக்கக் கண்டு, மாணவர்களை வெளிப்படிகளில் கூட்டி, காட்டுவழியே நடந்து சென்று, ஒரு காப்பிக்கடையில் பாடத்தை முடித்தார் என்பர்.

1924-இல் ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்த வான் டெர் வார்டன் என்னும் இளைஞர் நோய்தர், ஆர்ட்டின் ஆகியோரின் விரிவுரைகளைக் கொண்டு தற்கால இயற்கணிதம் பற்றிய இரண்டு தொகுதிகளை 1930, 1931 ஆண்டுகளில் வெளியிட்டார். உலகெங்கும் இயற்கணிதம் கற்பிக்கப்படும் முறையை மாற்றிய நூல் இது. தம் கருத்துகளை மாணவர்கள் தம் பெயரில் வெளியிடுவதைப் பற்றி நோய்தர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

1922-இல் இவருக்குப் பேராசிரியர் என்ற பட்டம் அளிக்கப்பட்டது. ஆனால் அது அரசு ஊழியர் அல்லாத, ஊதியமற்ற பதவி. மறு ஆண்டுதான் இயற்கணிதம் கற்பிப்பதற்கென ஒரு சிறு தொகை ஒதுக்கப்பட்டது. ஆண்டுதோறும் புதுப்பிக்கவேண்டிய அத்தொகையே இவர் தம் 41-ஆம் வயதில் முதன்முதலாகப் பெற்ற நிலையான வருவாய். கணித ஆய்விதழான மதமாட்டிஷே அன்னாலனுக்குப் பல ஆண்டுகள் கட்டுரைகளைச் சீர்பார்த்துக் கொடுத்தார். இதழின் அட்டையில் இவர் பெயர் வரவில்லை. கோட்டிங்கன் அறிவியல் கழகமும் இவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கவில்லை.

வெளியுலகம் வேறுவிதமாக மதித்தது. 1928–29 குளிர்காலத்தில் மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார். 1932-இல் எமில் ஆர்ட்டினுடன் ஆக்கர்மன்–டொய்ப்னர் நினைவுப் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அவ்வாண்டு சூரிச்சில் நடந்த பன்னாட்டுக் கணித மாநாட்டில் முழுநிலை அரங்கில் உரையாற்றினார். அம்மாநாடுகளில் அவ்வாறு உரையாற்றிய முதல் பெண் இவரே.

1933

1933 ஜனவரியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். ஏப்ரல் 7 அன்று வெளியான அரசுப்பணிச் சட்டம் யூதர்களையும் அரசியல் எதிரிகளையும் அரசுப் பணியிலிருந்து நீக்க வழிசெய்தது. நோய்தர் யூதர், போர் எதிர்ப்பாளர், 1920-களின் தொடக்கத்தில் சமூக மக்களாட்சிக் கட்சியில் இருந்தவர், மாஸ்கோ சென்று வந்தவர். ஏப்ரல் 25 அன்று மாக்ஸ் போர்ன், ரிச்சர்டு கூரண்ட் உள்ளிட்ட பேராசிரியர்களுடன் இவரும் பணியிலிருந்து விலக்கப்பட்டார். அரசு ஊழியராக ஏற்றுக்கொள்ளப்படாத ஒருவர், அரசு ஊழியர்களைக் களையும் சட்டத்தால் வெளியேற்றப்பட்டதை இங்குக் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை.

ஹெல்முட் ஹாஸ்ஸே முயன்று, இவரது சிறப்பை எடுத்துக்கூறும் 14 கடிதங்களைப் பல கணிதவியலரிடம் பெற்று அரசுக்கு அனுப்பினார். பயன் இல்லை. அந்தக் கோடையில் நோய்தர் மாணவர்களைத் தம் வீட்டிலேயே கூட்டிப் பாடம் நடத்தினார். ஒரு மாணவர் நாட்சிப் படையின் சீருடையில் வந்தபோதும் அதைப் பொருட்படுத்தவில்லை. பிறருக்கு வேலை தேடுவதிலும் பிறரைத் தேற்றுவதிலுமே அவர் அம்மாதங்களைக் கழித்தார் என்று உடனிருந்த ஹெர்மன் வைல் பின்னர் நினைவுகூர்ந்தார். செப்டம்பரில் விரிவுரை உரிமை முறைப்படி பறிக்கப்பட்டது.

அதே ஆண்டில் கூரண்ட், போர்ன், வைல் ஆகியோரும் வெளியேறினர். எட்மண்டு லண்டாவின் வகுப்பை மாணவர்களே புறக்கணித்தனர். ராக்பெல்லர் நிதியுதவியில் 1929-இல் திறக்கப்பட்ட கணித நிறுவனக் கட்டடம் நான்கே ஆண்டுகளில் ஏறக்குறைய வெறுமையானது. காஸின் காலம்தொட்டு அந்நகரில் வளர்ந்துவந்த ஒரு மரபு ஓராண்டுக்குள் முறிந்தது.

அமெரிக்காவில்

1933-இன் இறுதியில் நோய்தர் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள பிரின் மாவர் மகளிர் கல்லூரிக்குச் சென்றார். ராக்பெல்லர் அறக்கட்டளையும், இடம்பெயர்ந்த ஜெர்மானிய அறிஞர்களுக்கான உதவிக் குழுவும் ஊதியத்துக்கு உதவின. 1934 முதல் வாரந்தோறும் பிரின்ஸ்டன் சென்று உயராய்வு நிறுவனத்திலும் விரிவுரையாற்றினார். கல்லூரியில் ஓல்கா டவுஸ்கி உள்ளிட்ட இளம் பெண் கணிதவியலர் சிலர் இவரைச் சூழ்ந்திருந்தனர்.

1934 கோடையில் ஒருமுறை ஜெர்மனி சென்றார். வேலை இழந்திருந்த தம்பி பிரிட்ஸ் சைபீரியாவின் டோம்ஸ்க் நகருக்குச் செல்லவிருந்தார். அவரைச் சந்தித்துவிட்டு, கோட்டிங்கனில் இருந்த தம் பொருள்களை அமெரிக்காவுக்கு அனுப்ப ஏற்பாடு செய்துகொண்டு திரும்பினார். அந்நகரை அவர் பார்த்தது அதுவே கடைசி.

1935 ஏப்ரலில் சினைப்பைக் கட்டிக்காக அறுவை மருத்துவம் செய்துகொண்டார். முதலில் தேறிவருவதாகத் தோன்றியது. நான்காம் நாள், ஏப்ரல் 14 அன்று, திடீரெனக் காய்ச்சல் உயர்ந்து உயிரிழந்தார். வயது 53. இவரது சாம்பல் பிரின் மாவர் கல்லூரி நூலகத்தின் தாழ்வார நடைபாதையின் கீழ் வைக்கப்பட்டுள்ளது.

ஐன்ஸ்டைன் நியூயார்க் டைம்ஸ் இதழுக்கு எழுதிய கடிதத்தில் இவரைப் புகழ்ந்தார். பிரின் மாவரில் வைலும், மாஸ்கோவில் அலெக்சாண்ட்ரோவும் அஞ்சலி உரை நிகழ்த்தினர். நாட்சி ஆட்சியிலேயே வாழ்ந்துகொண்டிருந்த வான் டெர் வார்டன், நோய்தர் பெயரின்றி உழைத்த அதே மதமாட்டிஷே அன்னாலன் இதழில் 1935-இல் நீண்ட இரங்கல் கட்டுரை வெளியிட்டார்.

தம்பி பிரிட்ஸ் நோய்தர் 1937-இல் சோவியத் அதிகாரிகளால் கைது செய்யப்பட்டு, 1941-இல் ஒர்யோல் நகரில் சுட்டுக்கொல்லப்பட்டார். அவர் குற்றமற்றவர் என்று சோவியத் உச்ச நீதிமன்றம் 1988-இல் அறிவித்தது.

நினைவுகள்

நிலவின் மறுபக்கத்தில் உள்ள ஒரு கிண்ணக்குழிக்கும் 7001 என்ற எண்ணுடைய சிறுகோளுக்கும் நோய்தரின் பெயர் சூட்டப்பட்டுள்ளது. எர்லாங்கனில் ஓர் உயர்நிலைப்பள்ளி இவர் பெயரால் விளங்குகிறது. ஜெர்மன் ஆராய்ச்சிக் கழகம் எம்மி நோய்தர் திட்டத்தைத் தொடங்கியது. முனைவர் பட்டம் பெற்ற இளம் ஆய்வாளர்கள் பேராசிரியர் பதவிக்கான தகுதியை அடைவதற்கு, சில ஆண்டுகளுக்கு ஊதியமும் ஆய்வுக்குழு அமைக்கும் உரிமையும் அளிக்கும் திட்டம் அது.